புத்தேயோலியில் ஏழு நாள்



அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தை வாசிக்கையில், ரோமாபுரிக்கு விரையும் நம் கண்கள் புத்தேயோலியைக் கடந்துவிடுகின்றன. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திற்கு மேற்கே உள்ள அத்துறைமுகம் இன்று பொட்சுவோலி எனப்படுகிறது. ரோமாபுரிக்குச் சென்றிருந்தபோது, ஒரு நாளை அதற்கென ஒதுக்கினேன்.

கடற்கரைக்கு அருகே, பண்டைய ரோமச் சந்தையின் இடிபாடுகளில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதி முழுவதும் துளைகள். கடல்வாழ் சிப்பிகள் துளைத்தவை அவை. அப்படியானால் அத்தூண்கள் ஒரு காலத்தில் கடலில் மூழ்கி, மறுபடியும் எழும்பியிருக்கின்றன! ஊரே எரிமலைப் பள்ளத்தின்மேல் அமைந்திருப்பதால், நிலம் தாழ்ந்தும் உயர்ந்தும் வருகிறது. 1970இல் ரியோனே தெர்ரா என்னும் பழைய குடியிருப்பு காலிசெய்யப்பட்டது. 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. 2024 மே 20 அன்று 4.4 அளவுள்ள நிலநடுக்கத்தால் பல குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின.

பவுலின் நாட்களில் அலெக்சந்திரியாவின் தானியக் கப்பல்கள் வந்துசேர்ந்த பெரிய துறைமுகம் இது. கப்பற்சேதத்திற்குத் தப்பி, மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கி, நூற்றுக்கு அதிபதியின் காவலில் கைதியாகவே அவர் இங்கே இறங்கினார். இவ்வூரில் அவர் சகோதரரைக் கண்டார். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. தங்களோடு ஏழு நாள் தங்கும்படி அவர்கள் வேண்டிக்கொண்டது மாத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. கைதியென்று அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை.

அத்தூண்களின் முன் நின்றபோது என் இருதயம் குத்தப்பட்டது. மும்பையில் என் ஊழியத்தின் தொடக்க நாட்களில், ஆராதனை முடிந்தபின் ஒரு வாலிபன் பெட்டியோடு வாசலில் நின்றான். முந்தின நாள்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தவன். "அடுத்த வாரமும் வாருங்கள், தம்பி" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டேன். இரவு தங்க இடமுண்டா என்று கேட்கவில்லை. அவன் மறுபடியும் வரவே இல்லை. அவன் பெயரையும் நான் கேட்டுவைக்கவில்லை.

பிரியமானவர்களே, நீங்களும் ஒருநாள் பெட்டியோடு இந்த மாநகரத்தில் வந்திறங்கியவர்கள்தானே? அன்று உங்களுக்கு ஒரு பாயும் ஒரு வேளை உணவும் தந்தவர் யார்? வருகிற ஞாயிறு, கடைசி வரிசையில் தனித்து அமர்ந்திருப்பவரிடம் செல்லுங்கள். பெயரைக் கேளுங்கள், தங்குமிடத்தைக் கேளுங்கள், வீட்டிற்கு அழைத்துச்செல்லுங்கள். காலடியில் அசைகிற நிலத்தின்மேல் வாழ்கிறவனுக்குச் சகோதரனின் வீடே உறுதியான தரை.

கர்த்தர்தாமே நம் வாசல்களைத் திறந்தருள்வாராக. ஆமென்.