பாய இடமில்லாத பாய்ச்சல்

போன மாதம் ஒரு சண்டை ஆட்டத்துக்கு லெவல் அமைத்துக்கொண்டிருந்தேன். நாயகிக்குச் சுவரில் ஏறி ஓடத் தெரியும். அந்த அசைவுக்காக மூன்று வாரம் உழைத்திருந்தோம். ஆனால் சோதித்துப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பட்டனைத் தொடவில்லை. அன்றிரவு வீட்டில் ஒரு பழைய வட்டைத் தேடி எடுத்தேன். ‘என்டர் தி மேட்ரிக்ஸ்’. வந்த புதிதில் பாதியிலேயே மனம் விட்டுப்போன ஆட்டம் அது. இம்முறை கடைசிவரை ஆடினேன்.

2003 மே மாதம், ‘தி மேட்ரிக்ஸ் ரீலோடட்’ படத்தோடு சேர்ந்தே அது வெளியானது. படத்தை இயக்கிய வச்சோவ்ஸ்கிகளே இதற்கும் கதை எழுதினார்கள். ஆட்டத்துக்கென்றே ஏறக்குறைய ஒரு மணி நேரக் காட்சிகளை, படத்தின் நடிகர்களை வைத்துத் தனியாகப் படம்பிடித்துக் கொடுத்தார்கள். சண்டைகளை யுவென் வூ-பிங் வகுத்தார். ஆட்டத்தை உருவாக்கியது டேவிட் பெர்ரியின் ஷைனி நிறுவனம், ‘எர்த்வர்ம் ஜிம்’ தந்த குழு. படத்தின் நாயகன் நியோவாக ஆட முடியாது. நயோபி அல்லது கோஸ்ட், இருவரில் ஒருவராகத்தான் ஆடலாம். அன்று பலரும் குறைபட்டது இதைத்தான். எனக்கு இப்போது அது குறையாகவே தெரியவில்லை. எல்லாம் முடியும் என்றாகிவிட்ட நியோவை விட, அடிபட்டால் விழுகிற நயோபி ஆட்டத்துக்குப் பொருத்தமானவள்.

நான் திரும்பிப் போனது ஃபோகஸ் என்ற ஒன்றுக்காக. ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் காலம் மெதுவாகிறது. ஒரு மீட்டர் கரைகிறது. விட்டால் மெல்ல நிறைகிறது. காலத்தை மெதுவாக்குவதை 2001-லேயே ‘மேக்ஸ் பெய்ன்’ அருமையாகச் செய்துவிட்டது. அங்கே அது துப்பாக்கிக்காரனுக்குக் குறிபார்க்கக் கிடைத்த அவகாசம். இங்கே உடலே வேறாகிவிடுகிறது. சாதாரணமாகக் குத்து விழும் அதே பட்டன், ஃபோகஸில் எதிரியின் மேல் ஏறிச் சுழலும் உதையாகிறது. சுவரை நோக்கி ஓடினால் சுவரே தரையாகிறது. நெருங்கிப் போனால் எதிரியின் கைத்துப்பாக்கி நம் கைக்கு வந்துவிடுகிறது. புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டன் ஒன்றே ஒன்று. இத்தனை சிக்கனமாக ஒரு உடலை ஆடுபவர் கையில் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது, அதைச் செய்து பார்த்துத் தோற்றவர்களுக்குத் தெரியும். நானும் தோற்றிருக்கிறேன். அந்த வேலைக்கு என் முழு மரியாதை உண்டு.

பிறகு எங்கே தவறியது? நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறை அறையாகக் குறித்தேன். தாழ்வாரம், கதவு, நான்கு காவலர்கள். மறுபடி தாழ்வாரம், கதவு, நான்கு காவலர்கள். சுவரில் ஓடலாம்தான். ஓடி எங்கே போவது? எட்ட வேண்டிய மேடை இல்லை, தாண்ட வேண்டிய பள்ளம் இல்லை. நேராக நடந்து போய்க் குத்தினாலும் அதே கதவுதான் திறக்கிறது. நயோபி மேலே எழும்பினால் கேமரா மூலையில் முட்டிக்கொண்டு அவள் முதுகைக் காட்டுகிறது. அசைவின் அழகு அத்தோடு போய்விடுகிறது. கார் ஓட்டும் பகுதிகளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

படத்தின் தேதியோடு ஆட்டத்தின் தேதியையும் கட்டிவிட்டால் முதலில் அடிபடுவது லெவல் வேலைதான். அசைவை முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம், காட்சியை முன்கூட்டியே எடுத்துவிடலாம். ஆனால் ஒரு அறை சரியாக இருக்கிறதா என்பது, அந்த அசைவு கைக்கு வந்த பிறகு நூறு தடவை ஆடிப்பார்த்தால்தான் தெரியும். இதற்கு நேர்மாறானது ‘கோல்டன்ஐ’. படம் 1995-இல் வந்தது. அதன் ஆட்டம் 1997-இல். அந்த ஆட்டத்தின் லெவல் கலைஞர்கள் எதிரி எங்கே நிற்பான், வாசல் எங்கே என்று யோசிக்காமல் இடங்களை முதலில் கட்டினார்கள். பணிகள் அதன் பிறகுதான் வந்து சேர்ந்தன. அதனால்தான் அந்த இடங்களில் நாமாக வழி தேடுகிறோம். ஷைனிக்கும் வாய்ப்பு வராமல் இல்லை. 2005-இல் ‘தி மேட்ரிக்ஸ்: பாத் ஆஃப் நியோ’ செய்தார்கள், அதில் சண்டைக்கு இடம் விரிந்தது.

மறுநாள் அலுவலகத்தில் என் லெவலைத் திறந்தேன். நயோபிக்கு நேர்ந்ததுதான் எங்கள் நாயகிக்கும் நேர்ந்திருந்தது. அறையின் நடுவில் தரையைப் பெயர்த்து எடுத்தேன். எதிர்ப்பக்கக் கதவை ஒரு ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றினேன். கேமராவை இரண்டடி பின்னுக்குத் தள்ளினேன். மதியம் ஆடிப்பார்க்க வந்த பெண், யாரும் சொல்லாமலே சுவரில் ஓடினார்.

‘என்டர் தி மேட்ரிக்ஸ்’ வட்டு எங்கேனும் கிடைத்தால் தொடக்கத்தில் வரும் அஞ்சலகப் பகுதியை மட்டுமாவது ஆடிப் பாருங்கள். ஃபோகஸ் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு, மீட்டர் தீரும்வரை ஆடுங்கள்.