நிலம் தரும் வேகம்

வேகம் என்றதும் நம் எண்ணம் எந்திரத்தின் வலிமையையே நாடுகின்றது. எத்தனை குதிரைவலு என்று கேட்பவர் பலர். அந்த வலுவை நிலம் ஏற்றுக்கொள்கின்றதா என்று கேட்பவர் மிகச் சிலர். ஆயினும், நின்ற இடத்திலிருந்து ஒரு கார் புறப்படும் கணத்தில் முதன்மை பெறுவது இந்த இரண்டாவது கேள்வியே.

இங்கிலாந்தில் வாழும் என் தமக்கையின் மகன் விடுமுறைக்குக் கொழும்புத்துறைக்கு வந்திருந்தபோது, சான்டா பொட் என்னும் இடத்தைப் பற்றிப் பேசினான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்று, 1966 ஆம் ஆண்டில் நேர்கோட்டுக் கார்ப் பந்தயத்திடலாக மாறியதாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும், நம் தீவில் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுகுருந்தையிலும் மோட்டார்ப் பந்தயங்களுக்குக் களமானவை இத்தகைய பழைய விமான ஓடுபாதைகளே. சான்டா பொட்டில் பந்தயத் தூரம் கால் மைல். அதாவது 402 மீற்றர். இரு கார்கள் அருகருகே நின்று, விளக்கு எரிந்ததும் பாய்கின்றன. நம் ஊர் மாட்டுவண்டிச் சவாரியைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. நாளாந்தம் வேலைக்கு ஓட்டிச் செல்லும் சாதாரணக் காரையும் அங்கே ஓடவிடச் சில நாட்களை ஒதுக்கியுள்ளார்களாம்.

"மாமா, விளக்கு எரிஞ்ச உடனே என்ர காரின்ர சில்லு நிண்ட இடத்திலயே சுத்துது. பக்கத்துக் கார் போய்விடுது. எஞ்சினுக்கு இன்னும் வலு கூட்டவேணும்" என்றான் மருமகன். அதற்கென்று ஒரு தொகையும் சேர்த்து வைத்திருந்தான்.

சுழலும் சில்லுக்கு வலுவைக் கூட்டினால் கிடைப்பது மேலும் புகைதான். ஒரு ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவே. சில்லு வழுக்காது உருளும்வரை அந்த உள்ளங்கை நிலத்தை இறுகப் பற்றியிருக்கும். அளவுமீறி வழுக்கத் தொடங்கியதும் உராய்வு குறைந்து பிடி தளரும். பிறகு எந்திரம் எவ்வளவு முழங்கினாலும் கார் முன்னேறாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கார் முன்னே பாயும்போது அதன் பாரம் பின்னே சாய்கின்றது. பின்சில்லுகள் தள்ளும் காருக்கு இது நன்மை. முன்சில்லுகள் இழுக்கும் காருக்குக் கேடு. யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்த மொறிஸ் மைனர், 1948 இல் வெளிவந்தது, பின்சில்லுகளால் ஓடுவது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959 இல் வெளிவந்த மினி காரையும் வடிவமைத்தார். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, அதிலே முன்சில்லுகளுக்கு ஓட்டத்தைக் கொடுத்தார். இன்றைய சிறிய கார்களிற் பெரும்பாலானவை அவ்வழி வந்தவையே. மருமகனின் காரும் அத்தகையது.

இவற்றை நான் நூலிற் படிக்குமுன் கண்ணாற் கண்டிருக்கிறேன். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் இங்கு வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திக் காத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்நாட்களில் ஒரு கார்த்திகை மழை இரவில் என் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. அயலவர் ஒருவர் தம் மொறிஸ் மைனரைக் கொண்டுவந்தார். கடற்கரையை அடுத்த எங்கள் ஒழுங்கையின் ஈரமணலில் பின்சில்லு சுழன்று புதைந்தது.

"அமத்துங்கோ அண்ணை, நல்லா அமத்துங்கோ!" என்று இளைஞர் கூவினர். அவரோ காலை எடுத்துவிட்டு இறங்கினார். பின் ரயர்களிற் காற்றைச் சிறிது வெளியேற்றினார். வேலியிலிருந்து இரு கிடுகுகளைப் பிடுங்கிச் சில்லுகளின் முன்னே செருகினார். இருவரைப் பின்னாசனத்தில், அம்மாவின் இருபுறமும், ஏறியமரச் சொன்னார். பிறகு இரண்டாம் கியரில், கிளச்சைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் மெல்ல விட்டார். கார் முழக்கமின்றி நகர்ந்தது. பெருந்தெருவை அடைந்ததும் சைக்கிள் பம்பினால் மீண்டும் காற்றடித்தோம். பெரியாஸ்பத்திரியை உரிய நேரத்தில் அடைந்தோம். அம்மா அதன்பின்னும் பல ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தார்.

பந்தயத்திடலிலும் விதி இதுவே. முதலில் நல்ல மென்மையான ரயர் வேண்டும். இழுக்கும் சில்லுகளிற் காற்றை இரண்டிரண்டு இறாத்தலாகக் குறைத்துப் பார்க்கலாம். முன்சில்லு இழுக்கும் காராயின், பின்பெட்டியிற் கிடக்கும் பாரங்களை இறக்கிவிட்டு, பின்புறம் தாழாதபடி வில்லுகளை இறுக்கமாக்கவேண்டும். தொடக்கக் கோட்டிற்கு முன்னுள்ள நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போவது நல்லது. வரிகளுள்ள ரயர் அந்நீரைச் சுமந்து கோட்டிலே சிந்தும். தூசு போகச் சில்லை ஒருகணம் சுழற்றினாற் போதும். புறப்படும்போது எந்திரத்தின் சுழற்சியைத் தாழ்வாக வைத்துத் தொடங்கி, ஓட்டத்துக்கு ஓட்டம் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றி, முதல் 60 அடிக்கான நேரத்தைக் குறித்துவரவேண்டும். அங்கே மிச்சமாகும் பத்திலொரு வினாடி, முடிவிற் கூடுதலான மிச்சமாகும். வீடு திரும்புமுன் ரயர்களிற் காற்றை நிரப்ப மறக்கலாகாது; காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.

சில மாதங்களின் பின் மருமகன் தொலைபேசியிற் பேசினான். ரயரும் ஒரு குறிப்புப் புத்தகமுமே அவன் செலவு. சில்லு இப்போது புகைப்பதில்லை, நேரமும் குறைந்துவிட்டது, சேர்த்து வைத்த தொகையும் கையில் இருக்கின்றது.

அவனிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே: இவ்வித்தையைத் திடலுக்கு வெளியே காட்டாதே. 2009 இல் போர் ஓய்ந்தபின் நம் தெருக்கள் செப்பமாகியுள்ளன. மாலை வேளைகளில் அவற்றிலே பந்தயம் பயில முனையும் பிள்ளைகளைக் காண நெஞ்சு துணுக்குறுகின்றது. திடலிலே காவல்வேலி உண்டு, வேகம் தணிய நீண்ட வெளியுண்டு, உதவிக்கு ஆளுண்டு. நம் தெருவிலோ சைக்கிளில் ரியூசன் முடிந்து வரும் சிறுமி இருக்கின்றாள். குறுக்கே போகும் மாடு இருக்கின்றது. எத்தனையோ இழப்புகளைத் தாங்கிப் பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய்மார், அவர்கள் வீடு திரும்பும் ஓசைக்காகப் படலையடியில் காத்து நிற்கின்றார்கள்.