அச்சுப்பொறிக்கும் வேலை வேண்டும்

மும்பையில் செம்பூரை அடுத்துள்ளது அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி மையப் பணியாளர்களின் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. அவர்களுள் தமிழர் பலர் கோடை விடுமுறையைச் சொந்த ஊரில் கழித்துவிட்டு, ஜூன் மாத மழையோடு திரும்புவர். கைப்பேசியில் உள்ள பாட்டியின் படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்டப் பிள்ளைகள் விரும்புவர். ஆனால், ஒரு மாதம் ஓய்ந்திருந்த அச்சுப்பொறியில் படம் வெள்ளைக் கோடுகளுடன் வரும்; பாட்டியின் சிவப்புப் புடவை மஞ்சளாகத் தோன்றும்.

உடனே அச்சுப்பொறி பழுதாயிற்று என முடிவு செய்தல் வேண்டா. மெஜந்தா மையும் மஞ்சள் மையும் சேர்ந்தே தாளில் சிவப்பு உண்டாகிறது. சிவப்பு மஞ்சளானால், மெஜந்தா வரவில்லை என்பது பொருள். மை தீராதிருந்தும் வரவில்லையெனில், தலைமுடியினும் நுண்ணிய துளைகளில் அது உலர்ந்து அடைத்திருக்கும்.

முதலில் சோதனைத் தாளை அச்சிட்டு, எவ்வண்ணம் விடுபடுகிறது எனக் காண வேண்டும். பின்னர், ‘ஹெட் கிளீனிங்’ என்னும் கட்டளையை ஓரிரு முறை மட்டும் இடலாம். ஒவ்வொரு முறையும் மை செலவாகும். பயனில்லையெனில், ஓர் இரவு விட்டு மறுநாள் முயல வேண்டும். உலர்ந்த மை அதற்குள் இளகக்கூடும். துளைகளை ஊசியால் குத்துதல் கூடாது.

அடைப்பை நீக்குவதினும் அது வாராமல் காப்பது எளிது. அச்சுப்பொறியை அதன் பொத்தானால் அணைத்த பின்னரே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். அப்போதுதான் துளைகள் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் படத்தாளை உறையிலேயே வைத்தல் நன்று. ஈரமேறிய தாள் சுருளும்.

எல்லாவற்றினும் சிறந்தது இடையறாத பயன்பாடு. வாரம் ஒரு வண்ணப்படம் அச்சிட்டு, மறுபுறம் தமிழில் நான்கு வரி எழுதிப் பாட்டிக்கு அனுப்பினால், மையும் உலராது, எழுத்தும் மறவாது.