பாண்டிச்சேரிக்கு ஜோடியாகப் போகிறவர்களுக்கு



என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போனில் கேட்டான். "டீச்சர், கல்யாணமாகி எட்டு மாசம் ஆச்சு. வீட்டுல பத்துப் பேர். ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசினதே இல்ல. ரெண்டு நாள் பாண்டி போறோம், எங்கெங்க போகலாம்?" முதலில் அந்தப் பெண்ணைக் கேளுடா என்றேன். அதற்கு மேல் சொன்னதை எல்லோருக்கும் எழுதுகிறேன். நானும் சாரும் நாலைந்து முறை போய் வந்த ஊர்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். எல்லோரும் மாலையில்தான் போகிறார்கள். நீங்கள் விடியற்காலையில் போங்கள். சாருக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். மிஷின் வைத்தாலும் கூட்டத்தில் ஊர்ச் சத்தமெல்லாம் கேட்கும், நான் பேசுவது மட்டும் கேட்காது. மாலையில் காந்தி சிலை அருகே நான் கத்த, அவர் சும்மா தலையாட்ட, அதோடு ரூமுக்கு வந்துவிட்டோம். மறுநாள் ஐந்தரைக்குப் போனோம். நடக்கிறவர்கள் நாலு பேர், அலைச் சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் கேட்கும் இடது காதுப் பக்கமாக நான் நடந்தேன். ஊரில் இருக்கும் வீட்டை விற்பதா வேண்டாமா என்று மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட பேச்சு, சூரியன் மேலே வருவதற்குள் முடிந்தது. என்ன முடிவு என்று சொந்தக்காரர்கள் கமெண்டில் கேட்க வேண்டாம், நேரில் வாருங்கள்.

அந்தச் சாலையில்தான் 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பழைய கப்பல் துறைப் பாலம் 1952 புயலில் போய்விட்டது.

வெயில் ஏறினால் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் பெயர் அது. முத்தரையர்பாளையத்திலிருந்து இந்த ஊருக்குத் தண்ணீர் வந்த கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். மர நிழலில் அரை மணி நேரம் உட்காருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது பிள்ளைகளுக்கு. எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்கும் போங்கள். வைசியாள் தெருவில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். திண்ணைக்கு முன்னால் தெருவை ஒட்டி, மரத்தூண் வைத்த தாழ்வாரம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க என்றே கட்டியது. எனக்கு வெள்ளைக்காரர் தெருக்களைவிட இதுதான் பிடிக்கும்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். அங்கே போனால் அவரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கையில் காசில்லாமல், வாசலில் ஒற்றர்கள் நடமாட, பிள்ளைகளை வைத்துக்கொண்டு செல்லம்மா எப்படிக் குடும்பம் நடத்தியிருப்பார் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே வாருங்கள்.

சுண்ணாம்பாறு படகுத்துறையில் வரிசையில் நின்றதுதான் எனக்கு ஞாபகம். சின்ன வயசுக்காரர்கள் நிற்கலாம்.

குடை, தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். போட்டோ எனக்கு ஒன்று அனுப்பினால் போதும்.