ஜாயின் பண்ணுங்க... ஆளை விட்டுடாதீங்க!

டேட்டாபேஸ் லேப்னாலே எல்லா காலேஜிலும் ஒரே உதாரணம்தான். ஸ்டூடன்ட் டேபிள், மார்க் டேபிள். ரோல் நம்பரை வெச்சு ரெண்டையும் ஜாயின் பண்ணினா, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து விழுந்துடும். நமக்கு ஊரு பாலாற்றங்கரை பள்ளிகொண்டா. அதனால வேற உதாரணம் கிடைச்சுது.

வேலூர் வட்டாரத் தோல் கழிவு வழக்கில், 'மாசுபடுத்தியவரே பணம் கட்டணும்' என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நஷ்டஈடு நிர்ணயித்தது. கட்டவேண்டிய டேனரிகள் 500-க்கும் மேல். யோசிச்சுப் பாருங்க, இது பக்கா டேட்டாபேஸ் கணக்கு!

கற்பனைப் பெயர்களில் பத்து விவசாயிகளை வைத்து விவசாயி, நிலம், நஷ்டஈடு என மூன்று டேபிள் போட்டேன். கிராமத்தின் பெயரைக் கொடுத்தால் மூன்றையும் கோத்துப் பட்டியல் தரும் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர் எழுதினேன். இதில் என்ன வசதின்னா, ஒரு தடவை எழுதி சர்வரில் வெச்சுட்டா யார் கூப்பிட்டாலும் ஒரே கணக்குதான். டேபிளைத் தொட விடாமல், ப்ரொசீஜரை ஓட்ட மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

வேண்டுமென்றே ரெண்டு விதமாக ஓட்டிப் பார்த்தேன். இன்னர் ஜாயின் போட்டால் ஏழே பேர். எர்ரர் எதுவும் இல்லை, பட்டியல் பளிச்! குத்தகைக்கு உழுத மூன்று பேரை மட்டும் காணோம். அவங்க பேர்ல நிலம் இல்லையே... ஜோடி சேராத வரிசையை இன்னர் ஜாயின் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுடும். விவசாயி டேபிளில் தொடங்கி லெஃப்ட் ஜாயின் போட்டதும் பத்து பேரும் ஆஜர். மூணு பேருக்கு நிலம், தொகை ரெண்டு இடத்திலும் 'நல்'. இன்னொண்ணு... கிராமத்துக்கான நிபந்தனையை விவசாயி டேபிள் மேல்தான் வைக்கணும். நிலம் டேபிள் மேல் வெச்சா, அந்த மூணு பேரும் மறுபடி மாயம்!

எங்க தாத்தாவும் குத்தகைக்கு உழுதவர்தான். அதனாலயோ என்னவோ, அந்த மூணு காலி கட்டத்தை லேசா விட மனசு வரலை. 'நல்'னா பூஜ்யம் இல்லை பாஸ். 'தெரியலை, போய் விசாரி'ன்னு அர்த்தம்.

2025 ஜனவரியில், இன்னும் பணம் கிடைக்காத குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போட்டது. நாளைக்கு நீங்களும் ஏதாவது ஆபீஸில் இப்படி ஒரு ப்ரொசீஜர் எழுதுவீங்க. ஓட்டி முடிச்சதும், வந்த வரிசைகளோடு வராத வரிசைகளையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க!