ஊசி யார் கையில்

2021 செப்டெம்பர் 3, வெள்ளி

ஊரடங்கை 13ஆம் திகதி வரைக்கும் நீடித்துவிட்டார்கள். பாமசிக்கு விடுமுறை இல்லை. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படும்போது ஜம்பட்டா வீதிப் பக்கம் சில வீடுகளில் கறுப்புக் கொடி இன்னும் கழற்றப்படாமல் கிடந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு நீதி கேட்டு ஓகஸ்ட் 21ஆம் திகதி கர்தினால் ஏற்றச் சொன்ன கொடிகள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் சொந்தங்களைப் பறிகொடுத்த சனம் இது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் அன்றைய அரசாங்கம் அசையவில்லை என்பது இவர்களுக்கு மறக்காது. ஆட்சி மாறியும் அதே அரச இயந்திரம்தான் இன்றைக்கு ஒலிபெருக்கி கட்டி, "ஊசி போட வாருங்கள்" என்று கூப்பிடுகிறது.

வெள்ளவத்தைக் கடையில் நாள் முழுக்க இரண்டே கேள்விதான். "என்ன ஊசி குடுக்கிறாங்கள்?", "ஆர் குத்திறது?" பக்கவிளைவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

முதல் கேள்வி ஏன் வந்தது என்று எனக்கு விளங்குகிறது. ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாக ஐந்து இலட்சம் கொவிஷீல்ட் அனுப்பியபோது வெள்ளவத்தையே மகிழ்ந்தது. பிறகு இந்தியாவில் இரண்டாம் அலை அடித்தது, ஏற்றுமதி நின்றது. முதலாவது ஊசி போட்ட ஆறு இலட்சம் பேர் இரண்டாவது ஊசி இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். ஜூலை 31ஆம் திகதி யப்பானிலிருந்து அஸ்ட்ராசெனகா வந்திறங்கும்வரை அவர்களில் எத்தனை பேர் இந்தக் கவுண்டரில் வந்து நின்று, "மிஸ், இனி என்ன நடக்கும்?" என்று கேட்டிருப்பார்கள். இதற்கிடையில் சீனாவின் சினோபார்ம் இலட்சம் இலட்சமாக வந்தது. துறைமுக நகரத்தைக் கொடுத்ததற்குக் கைம்மாறு என்றார்கள் சிலர். ரஷ்யாவின் ஸ்புட்னிக் கொஞ்சம், அமெரிக்காவின் மொடேர்னா கண்டிக்கு. குப்பிக்குள் இருக்கும் மருந்தைவிட அது வந்த நாட்டின் கொடியைத்தான் சனம் பார்க்கிறது.


செப்டெம்பர் 6, திங்கள்

மாஸ்டர் பிரஷர் குளிசைக்கு வந்தார். எழுபத்தாறு வயது, சீனி வியாதி, இதயத்தில் ஸ்டென்ட். ஒரு ஊசியும் போடவில்லை.

"எனக்கு ஊசிக்குப் பயமில்லைப் பிள்ளை. லிஸ்ற்றுக்குத்தான் பயம்."

2007 ஜூன் 7ஆம் திகதி விடிய முன்னம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் பொலிஸ் கதவைத் தட்டியது. பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது என்பார் மாஸ்டர். 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. மாஸ்டர் அந்த பஸ்ஸில் இருந்தவர். கண் சத்திர சிகிச்சைக்குக் கொழும்பு வந்து லொட்ஜில் தங்கியிருந்தாராம். கட்டுப்போட்ட கண்ணோடு வவுனியாவில் இறக்கிவிட்டார்கள். அன்றைய பாதுகாப்புச் செயலாளர் இன்றைக்கு ஜனாதிபதி.

"இப்ப ஆமிக்காரன் மேசை போட்டு ஐடென்டிட்டி கார்ட் நம்பர் எழுதுறான். இந்தப் பட்டியல் எங்க போகுமெண்டு உமக்குத் தெரியுமோ?"

கோவிட் தடுப்பு செயலணிக்குத் தலைவர் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதிப் போரில் 58ஆவது படைப்பிரிவை நடத்தியவர். போன வருடம் பெப்ரவரியில் அமெரிக்கா தன் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று அவருக்குத் தடை போட்டது. ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சியில் வந்து தடுப்பூசிக் கணக்குச் சொல்பவர் அவர்தான். நாட்டில் முதல் ஊசி ஏறியதும் நாரஹேன்பிட்டி இராணுவ வைத்தியசாலையில், மூன்று படையினரின் கையில். வைத்தியர்கள், தாதியர், மருத்துவமாதுகள் என்று இவ்வளவு பேர் இருக்கிற நாட்டில் தடுப்பூசியின் முகமாக ஒரு தளபதியை வைத்த முடிவு, மாஸ்டரைப் போன்ற எத்தனை பேரை வீட்டுக்குள்ளேயே இருத்திவிட்டது!


செப்டெம்பர் 8, புதன்

தங்கச்சியின் மகனுக்கு இருபத்துநான்கு வயது. அந்த வயதுக்காரருக்கும் ஊசி தொடங்கிவிட்டது. அவன் போகமாட்டானாம். "பெரியம்மா, பிரிட்டன் சினோபார்மை எடுக்காது. பைசர் வரட்டும்." லண்டனில் படிக்க விசாவுக்கு நிற்கிறான், அந்தக் காரணம் எனக்கு விளங்குகிறது. அதோடு விட்டானில்லை. "பிள்ளை பிறக்காதாம்" என்று மெல்ல ஒரு வார்த்தையும் போட்டான். அவனுடைய வகுப்பு நண்பர்களின் வட்ஸ்அப்பில் சிங்களப் பொடியன், தமிழ்ப் பொடியன், முஸ்லிம் பொடியன் எல்லாருக்கும் இதே பயம்.

இந்தப் பயம் கொரோனாவோடு வந்ததல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்ற புரளி. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரையே உலகத்தில் இல்லை. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் ஷாபி நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு மலடாக்கும் சத்திர சிகிச்சை செய்தார் என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது. அவரைக் கைது செய்தார்கள். வன்னியில் 2013இல் வேறு கதை: கிளிநொச்சிக் கிராமங்களில் தாய்மாருக்கு விருப்பம் கேட்காமல் கருத்தடைக் குழாய் வைத்ததாக முறைப்பாடு எழுந்தது, சுகாதாரத் தரப்பு மறுத்தது.

ஓட்டுக்காக இத்தனை வருடம் கருப்பையை வைத்து அரசியல் செய்தார்கள். "அவன் உன் வம்சத்தை அழிக்கிறான்" என்று ஊரை நம்பவைத்தவர்கள், இன்றைக்கு அதே ஊரிடம் "ஊசியால் மலடாகாது, பயப்படாதே" என்றால் யார் நம்புவது?

அவனிடம் நான் சொன்னது வேறு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மளவிகேயும் சந்திம ஜீவந்தரவும் சினோபார்ம் இரண்டு ஊசியும் போட்ட நம்மூர் ஆட்களின் இரத்தத்தைச் சோதித்து ஜூலையில் அறிக்கை விட்டார்கள்: நூற்றுக்கு 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது. வயது கூடியவர்களுக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அதனாலேயே எனக்கு அந்த அறிக்கையில் நம்பிக்கை. படித்துவிட்டுச் சொல்லடா என்று அனுப்பியிருக்கிறேன்.


செப்டெம்பர் 10, வெள்ளி

விநாயக சதுர்த்தி. கோயில் பூட்டு. வீட்டிலேயே மோதகம் அவித்துப் படைத்தேன். பால்மா எங்கும் இல்லாததால் தேநீர் வெறும் சாயம்தான். ஊரடங்கு 21 வரை.

அமெரிக்காவில் நேற்று பைடன், நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் ஊசி அல்லது வாராந்தப் பரிசோதனை கட்டாயம் என்று அறிவித்திருக்கிறார். குடியரசுக் கட்சி ஆளுநர்கள் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். அங்கே எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் என்று தெரிந்தால் ஊசி போட்டவரா என்று ஓரளவு சொல்லிவிடலாமாம். இங்கே அப்படியில்லை. எந்தக் கட்சியும் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருடைய ஆளுக்கு முதலில் என்பதுதான் சண்டை. மே மாதத்தில் மொரட்டுவை மேயர் தன்னுடைய பட்டியல் ஆட்களுக்குத்தான் ஊசி என்று வைத்தியரோடு மல்லுக்கட்டி, கடைசியில் கைதானார். எங்கள் பிளவு கட்சியில் இல்லை. இனத்திலும் மதத்திலும் யாரிடம் அடிவாங்கினோம் என்பதிலும் இருக்கிறது.


செப்டெம்பர் 13, திங்கள்

நேற்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 28 இலட்சத்துக்கும் மேல் ஊசி போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் போனபோது இங்கேகூட என் கவுண்டரில் அழுதார்கள், "அந்த ஊசிதான் கொண்டது" என்றார்கள். இரத்தக்குழாய் அடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று வைத்தியர்கள் அன்றே சொல்லியும் அங்கே பல வாரம் கூட்டம் குறைந்தது. அந்த ஊர் இன்றைக்கு ஊர் ஊராக முகாம் போட்டு மீண்டிருக்கிறது. மாஸ்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அங்க ஆமியோ குத்தினது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.


செப்டெம்பர் 15, புதன்

இன்றைக்கு எழுதவே மனமில்லை. அனுராதபுரம் சிறைச்சாலைக்குள் ஞாயிற்றுக்கிழமை இராஜாங்க அமைச்சர் லொஹான் ரத்வத்த நுழைந்து, தமிழ்க் கைதிகளை முழங்காலில் இருத்தித் துப்பாக்கியை நீட்டி மிரட்டினார் என்ற செய்தி. சிறைச்சாலைப் பொறுப்பிலிருந்து இன்று விலகிவிட்டார். மற்ற அமைச்சுப் பதவி கையிலேயே இருக்கிறது.

தமிழ்ச் சனத்திடம் சுகாதாரத் துறை எவ்வளவு நல்ல சுவரொட்டி ஒட்டினாலும் இப்படி ஒரு செய்தி அதைக் கிழித்துப் போட்டுவிடும். தடுப்பூசித் தயக்கம் என்று மாநாடு வைப்பவர்கள் இதையும் அதன் காரணங்களில் சேர்க்கவேண்டும். மாஸ்டர் கடைக்கு வரவில்லை. நானாகப் பேசவும் துணிவில்லை.


செப்டெம்பர் 18, சனி

மேல்மாடி ராத்தா ஒக்சிமீட்டர் வாங்கித் தரச் சொன்னார். போன வருடம் ஒக்டோபரில் கொட்டாஞ்சேனையை முற்றாக முடக்கியபோது, அவருடைய தகப்பனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார்: "மவுத்தானா எரிச்சுடுவாங்களே, அந்தப் பயம்."

2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களுக்குக் கட்டாயத் தகனம் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், நம் நாட்டிலேயே பிறந்த வைரஸ் நிபுணர் மலிக் பீரிஸ் நிலத்தடி நீரால் தொற்றாது என்று விளக்கியும் அரசு கேட்கவில்லை. டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். பொரளைக் கனத்தை மயானத்து வேலியில் சனம் வெள்ளைச் சீலைத் துண்டுகளைக் கட்டியது. சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினார்கள். ஒரே இரவில் அவற்றை அகற்றினார்கள். அதே மாதத்தில் கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணிக்கு ஆயிரக்கணக்கில் வரிசை நிற்க, சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைக் குடித்துக் காட்டினார். ஒரு பக்கம் விஞ்ஞானம் என்று சொல்லிக் குழந்தையை எரித்தார்கள், இன்னொரு பக்கம் விஞ்ஞானமே வேண்டாம் என்று பாணி குடித்தார்கள். இவ்வருடம் பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானியை மாற்றிய பிறகும் கொழும்பில் இறந்தவரைக் கிழக்கே ஓட்டமாவடி வரை கொண்டுபோய்த்தான் அடக்கவேண்டியிருக்கிறது.

ராத்தா ஊசி போட்டுவிட்டார், இரண்டும். ஆரம்பத்தில் ஏன் ஒதுங்கினீர்கள் என்றால், "பேர் குடுத்தா பிசிஆர் எடுப்பாங்க, பிசிஆர் எடுத்தா..." என்று நிறுத்திக்கொள்கிறார். பிறகு போட்டது எப்படி? எங்கள் மிட்வைஃப் மிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனாராம்.


செப்டெம்பர் 22, புதன்

மிட்வைஃப் மிஸ்ஸைப் பிடித்துவிட்டேன். சிங்களப் பெண். தமிழ் உடைந்து வரும். ஆனால் எங்கள் மாடிக் கட்டடத்தில் எந்தப் பிள்ளைக்கு எப்போது முக்கூட்டு ஊசி என்று பெற்றவளைவிட அவருக்குத் தெரியும். பிள்ளையின் கிளினிக் அட்டையை வாங்கி, விரல் வைத்து வரிசை பார்த்து, "இது விட்டுப் போச்சு, வியாழன் வாங்க" என்பார். 1978இல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்புத் திட்டம் இவர்களைப் போன்றவர்களின் கால்நடையில்தான் நடந்தது. இந்நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். தொண்ணூறுகளில் போர் கொழுந்துவிட்டு எரிந்தபோதும் சொட்டுமருந்து நாட்களில் அரசும் புலிகளும் துப்பாக்கியைத் தணித்து வழிவிட்டார்கள். வன்னிக்குள்ளும் சொட்டுமருந்து போனது. அம்மாமார் எந்தக் கொடியையும் பார்க்கவில்லை, பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினார்கள்.

மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். "ஆமி வேணாம்னா மாநகரசபை டிஸ்பென்சரிக்கு கூட்டிட்டு வாங்க. நான் நிக்கிறேன்." அவ்வளவுதான்.

பின்னேரம் மாஸ்டரோடு பேசினேன். பெயரை யார் எழுதுவார்கள் என்று கேட்டார். நேர்ஸ், பச்சைச் சட்டை ஒருவரும் இல்லை என்றேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எத்தினை மணிக்கு?" என்றார்.


செப்டெம்பர் 24, வெள்ளி

மாஸ்டருக்கு முதல் சினோபார்ம். இடது கை. அட்டையில் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார், நேர்ஸ் எழுதினார். அரை மணித்தியாலம் இருத்திப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. சீமாட்டி றிஜ்வே ஆஸ்பத்திரியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கும் இன்று பைசர் தொடங்கியிருக்கிறது. நல்ல நாள்.


ஒக்டோபர் 1, வெள்ளி

ஊரடங்கு எடுத்துவிட்டார்கள். காலி வீதியில் பழைய இரைச்சல். நாட்டில் பாதிப்பேருக்கு மேல் இரண்டு ஊசியும் ஏறிவிட்டது. பணக்கார நாடுகள் சிலவற்றைவிட முன்னால் நிற்கிறோம் என்று அரசாங்கம் பெருமை பேசுகிறது. அந்தப் பெருமை நாற்பது வருடமாகக் கிளினிக் நடத்திய சுகாதார ஊழியர்களுக்கு உரியது. தளபதி மேசை போட்ட சில மாதத்தில் வந்ததல்ல.

தங்கச்சியின் மகன் இன்னும் பைசருக்கே காத்திருக்கிறான். அறிக்கையைப் படித்தானாம், மலட்டுக் கதையை விட்டுவிட்டான், விசாக் காரணத்தை விடவில்லை. சரி, அந்த ஒரு காரணத்தோடு வழக்காடலாம்.

அடுத்த தொற்று வரும். அப்போது தடுப்பூசிப் பொறுப்பைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் முழுதாகக் கொடுக்கவேண்டும். சீருடை வெளியே நிற்கட்டும், அரசியல்வாதியின் பட்டியல் வேண்டாம், அட்டை மூன்று மொழியிலும் இருக்கட்டும். இறந்தவரை அவரவர் மார்க்கப்படி அடக்க விடவேண்டும். இவ்வளவையும் செய்தால் மாஸ்டரைப் போன்றவர்கள் முதல் நாளே வருவார்கள். அவருடைய இரண்டாவது ஊசி இம்மாதம் 22ஆம் திகதி.