சக்கரம் தரையை விடக்கூடாது

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது எஞ்சினின் உறுமல்தான். சிலிண்டரைக் கடைந்து சைலன்சரையும் மாற்றிவிட்டால் வேகம் தானே வந்துவிடும் என்று விடுதியில் இரவெல்லாம் வாதிடும் நண்பர்களை நான் அறிவேன். அவர்களோடு எனக்குள்ள சிறு பிணக்கையே இங்கு எழுத முற்படுகிறேன். இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்று உரிமை எடுத்துக்கொள்வதைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான வண்டி, 98 சி.சி., 11 குதிரைத்திறன். 1993இல் அப்பா வாங்கியது. இன்றும் விடியற்காலை நான்கு மணிக்கு வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அவர் மார்க்கெட்டுக்குப் போவது அதில்தான். செட்டிபாளையத்திலுள்ள கரி பந்தயத் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு அதைக் கேட்டபோது அப்பா மறுக்கவில்லை.

“எடுத்துட்டுப் போடா. ஆனா எதையும் அறுக்கக் கூடாது, வெல்டிங் வெக்கக் கூடாது. திங்கக்கிழமை நாலு மணிக்கு வண்டி எனக்கு வேணும்” என்றார்.

அது எங்கள் வீட்டுச் சோற்றுக்கான நிபந்தனை. அதை மீறும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இல்லை.

விடுமுறையில் லேத் பட்டறையில் வேலை பார்த்துச் சேர்த்த 6,000 ரூபாய் கையில் இருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். “இருக்கற வேகத்தையே வளைவுல காப்பாத்த முடியலீன்னா, இன்னும் வேகம் எதுக்குங்க தம்பி?” என்று கேட்டுவிட்டு, அவர் முதலில் ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை! ஹேண்டில்பாரின் அடியிலுள்ள கோன் செட்டையும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் ஆட்டிப் பார்த்தார். இரண்டும் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றாமல் எத்தனை விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் போட்டாலும் வீண்தான்.

பிறகு முன்ஃபோர்க். வடித்த எண்ணெய் காப்பி டிகாக்ஷன் போல வந்தது. பழைய வகை ஃபோர்க்கில் எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போவதுதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பிதுங்கும் வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே மெல்லச் சாய்கையில் குழைகிற அதே ஃபோர்க், மேட்டில் மோதும்போது கல்லாகிவிடும். இதை முழுவதும் தீர்க்க முடியாது. சற்றுக் கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சமரசம் செய்துகொள்ளலாம், செய்துகொண்டோம்.

ஸ்பிரிங்கின் தலையில் பி.வி.சி. குழாய்த் துண்டு வைப்பதைப் பற்றி நண்பர்களிடையே பெரிய மயக்கம் நிலவுகிறது. துண்டு வைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்கிறார்கள். ஆகாது! ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் வேண்டிய விசை அப்படியே இருக்கும்; வண்டி நிற்கும் உயரந்தான் மாறும். ஃபோர்க் குழாயில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி அளந்தோம். நான் ஏறி உட்கார்ந்ததும் 48 மி.மீ. இறங்கியது. 14 மி.மீ. துண்டு வைத்த பிறகு 34. ஃபோர்க் அமுங்கும் முழுத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை எனது எடையே விழுங்கிவிடாமல் இருந்தால் போதும். பிரேக் பிடிக்கும்போது மிச்சம் வேண்டுமல்லவா?

பின்புறத்துக்கு, வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் ஜோடி ஒன்று பழைய சாமானாகக் கிடைத்தது. சாதாரண ஷாக் அப்சார்பரில் விடாமல் ஓடும்போது எண்ணெய் சூடேறிக் காற்றோடு கலந்து நுரைத்துவிடும். நுரைக்கு அடக்கும் வலு இல்லை. அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. (ஒற்றை ஷாக் அப்சார்பர் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த அந்த முறையில் யமஹா 1973இலேயே 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றது. ஆனால் எங்கள் வண்டியில் அதைப் பொருத்தச் சட்டத்தை அறுக்க வேண்டும். அப்பாவின் நிபந்தனை நினைவிருக்கட்டும்.) நான்கு நட்டுகளைக் கழற்றினால் பழையது வரும், புதியது ஏறும். அதுவே எனக்குத் தேவை.

தடத்தில் நேர்ப்பாதையில் எல்லா வண்டிகளும் என்னைத் தாண்டிப் போயின. வளைவில் நிலைமை வேறு. காலையில் பின் ஸ்பிரிங்கைக் கடைசிப் படியில் இறுக்கி ஓட்டிப் பார்த்தோம். பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தவளையாய்த் தத்தியது. இரண்டு படி தளர்த்தியதும் அடங்கியது. கெட்டியே நல்லது என்பது ஒரு மூடநம்பிக்கை. சக்கரம் தரையைத் தொடாத கணத்தில் எந்த டயருக்கும் பிடிப்புக் கிடையாது. பிற்பகலில், காலையில் பயந்து விட்டுக்கொடுத்த வளைவுகளில் வண்டி கோடு பிடித்தாற்போலப் போயிற்று. இரண்டு புதிய வண்டிகளை அங்கேதான் முந்தினேன்.

அன்றிரவே வீட்டு வாசலில் பழைய ஷாக் அப்சார்பர்களை மாட்டினேன். இருபது நிமிட வேலை. முன்புறத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். திங்கட்கிழமை மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அப்பா, “முன்னாடி என்னடா பண்ணுன? பிரேக் புடிச்சா மூக்கு குத்தறதே இல்ல” என்றார். பிறகு, பரண்மேல் வைத்திருந்த பின் ஜோடியையும் மாட்டச் சொன்னார். மாட்டினேன். மூன்றாம் நாளே கழற்றச் சொல்லிவிட்டார். இலைக்கட்டோடு போகையில் சுகமாக இருக்கிறதாம். கட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் திரும்பும்போது இடுப்பு ஒடிகிறதாம்!